ஆற்றில் கிடைத்த எலும்பு யாருடையது?

கோடையில் நர்மதையின் தண்ணீர் இறங்கியதும் மத்தியப் பிரதேசத்தில் பல இடங்களில் கரை சுவர்போல நிமிர்ந்து தெரியும். மேலே மஞ்சள் வண்டல், அதற்குக் கீழே மணல், அடியில் கூழாங்கற்கள் சுண்ணாம்பில் ஒட்டிக் கெட்டிப்பட்ட ஓர் அடுக்கு. அந்த அடி அடுக்கைப் பார்த்தால் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய ஜல்லிக் கலவை என்றுதான் தோன்றும். அதில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக எலும்புகளும் பற்களும் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலமும் கரையைக் கொஞ்சம் அறுக்கும். அடுத்த கோடையில் புதிதாகச் சில துண்டுகள் தண்ணீரோரம் விழுந்து கிடக்கும்.

1982 டிசம்பர் 5 அன்று, சீஹோர் மாவட்டத்து ஹத்னோரா கிராமத்தருகே இப்படியோர் அடுக்கில்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். பெரும்பாலும் வலது பக்கம் மட்டும். முகம் இல்லை, தாடை இல்லை, ஒரு பல்கூட இல்லை. மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் எந்த மனிதன்? ஹோமோ எரெக்டஸ் என்ற மறைந்துபோன ஆதிமனித இனம் என்றார் சோனகியா. பிறகு ஆராய்ந்த வேறு சிலர், இது நம் இனத்துக்கு இன்னும் நெருங்கியது என்றார்கள். மூளைக்கு இருந்த இடத்தை அளந்தவர்கள் சொன்ன கணக்கே 1155 முதல் 1421 கன சென்டிமீட்டர் வரை விரிந்து கிடக்கிறது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் வழக்கு முடியவில்லை.

இந்தியாவின் பேர்பெற்ற ஆற்றெலும்புக்கே இதுதான் கதி. ஆகவே கையில் ஒரு துண்டு கிடைத்ததும் அதற்குப் பேர் வைக்க அவசரப்பட வேண்டாம். எல்லோரும் முதலில் கேட்பது "இது எந்த மிருகம்?" என்று. என் கணக்கில் அது நான்காவது கேள்வி. இது எலும்புதானா, பழையதா, உடம்பில் எந்த இடத்து எலும்பு என்ற மூன்றும் அதற்கு முன்னால் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் பெரும்பாலும் யானைமேல்தான் போய் உட்காருகிறார்கள். கொஞ்சம் பெரிய துண்டு என்றால் யானை, இன்னும் பெரிது என்றால் டைனோசர்.

எலும்பா, கல்லா?

வெளித்தோற்றம் ஏமாற்றும். ஆற்றில் உருண்ட கல் தொடையெலும்பு போலவும் இருக்கும், மண்டையோடு போலவும் இருக்கும். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டும்போது வந்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. போய்ப் பார்த்த வல்லுநர்கள், அம்மோனைட் என்ற கடலுயிரின் எச்சத்தைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள் என்றார்கள். அதுவும் அரிய பொருள்தான். முட்டை இல்லை, அவ்வளவே.

உடைந்த முகத்தைப் பாருங்கள். முழு எலும்பைவிட உடைந்த எலும்பு அதிகம் பேசும். பாலூட்டியின் நீள எலும்பைக் குறுக்கே உடைத்தால் வெளியே கெட்டியான தோடு, உள்ளே மஜ்ஜை இருந்த குழி, முனைகளில் ரஸ்க்கைப் பிட்டதுபோலச் சிறு சிறு அறைகள். இந்த மூன்றும் ஒழுங்காக ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிப் போகும். கல்லில் அப்படி வராது. கல்மரத்தில் வருமா? விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் அடிமரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நார்ரேகை உள்ளே வரை ஒரே சீராக ஓடும். வெளித்தோடு வேறு, உள்பஞ்சு வேறு என்ற பிரிவு கிடையாது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டுமே ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் ஆட்களைக் குழப்புபவை. யானையின் கால் எலும்பில் நமக்குப் பழக்கமான மஜ்ஜைக் குழி கிடையாது. அத்தனை எடையைத் தாங்க வேண்டிய எலும்பு என்பதால் நடுவிலும் பஞ்செலும்பே நிறைந்திருக்கும். கடற்பசுவின் விலா அதற்கு நேரெதிர், குழியும் இல்லை, பஞ்சும் இல்லை, பாக்கைப் போல முழுக் கெட்டி. மூழ்கிக் கிடந்து மேயும் பிராணிக்கு அந்தக் கனம் வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இன்றும் வாழும் அதே விலங்கின் பழைய உறவினங்களுடைய விலாத் துண்டுகள்தான் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பீஸ் ஆற்றில் சலித்துத் தேடுபவர்கள் கையில் அடிக்கடி வந்து விழுகின்றன. பார்த்தால் வழவழப்பான பழுப்புக் குச்சி. கல் என்று எறிந்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு பழைய வழி இருக்கிறது. காய்ந்த எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் நாக்கில் ஒட்டும், சாதாரணக் கல் ஒட்டாது. வேலை செய்யும் வழிதான். நம் ஆறுகளில் என்னென்ன கலக்கிறது என்பதை நினைத்தால் நாக்கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுத்திருந்தால் பழையதா?

இல்லை. ஆரம்பத்தில் இருப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. எலும்பின் நிறம் வயதைக் காட்டுவதில்லை, அது கிடந்த மண்ணைக் காட்டுகிறது. இரும்பு நிறைந்த மண்ணில் செம்பழுப்பாகும். மாங்கனீசு இருந்தால் கறுக்கும். சேற்றில் புதைந்த போன தலைமுறை மாட்டெலும்பு கன்னங்கரேலென்று வரும். பல்லாயிரம் ஆண்டு பழைய எலும்பு சுண்ணாம்பு மண்ணில் வெளுத்துக் கிடக்கும்.

நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. 1912ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக் குழியிலிருந்து மனித மண்டையோட்டுத் துண்டுகளும் குரங்குத் தாடை போன்ற ஒன்றும் வெளிவந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்றவன் கிடைத்துவிட்டான் என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். எலும்பு மண்ணுக்குள் கிடக்கக் கிடக்க நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அளவைச் சோதித்துப் பார்த்ததில்தான் குட்டு உடையத் தொடங்கியது. 1953ல் முழுக் கதையும் வெளியே வந்தது. தாடை ஒராங்குட்டானுடையது. யாரோ பல்லை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, எலும்பின் மறைவான ஓரத்தில் ஒரு புள்ளி தொட்டுப் பார்ப்பது. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் உள்ளே கொலாஜன் என்ற புரதம் இன்னும் இருக்கிறது, அதிகப் பழசில்லை. நாற்றமே இல்லையென்றால் புரதம் போய்விட்டது. ஆனால் புரதம் போக எத்தனை காலம் ஆகும் என்பது வெயிலையும் ஈரத்தையும் மண்ணின் புளிப்பையும் பொறுத்தது. குளிர்நாட்டில் நெடுங்காலம் தங்கும், நம் வெப்பத்தில் சீக்கிரம் போய்விடும். எனவே இந்தச் சோதனை புதிய எலும்பை ஒதுக்க உதவும், வயது சொல்ல உதவாது. முக்கியமான துண்டு என்று தோன்றினால் இதையும் செய்யாதீர்கள். அந்தக் கொஞ்சப் புரதம்தான், அதிலுள்ள கார்பனை அளந்து வயது சொல்லும் கார்பன் கணிப்புக்கு வேண்டும்.

இதைவிட எளிய அடையாளம் வெட்டுத்தடம். எலும்பில் ரம்பம் அறுத்த நேர்க்கோடு தெரிந்தால் அது கறிக்கடையிலிருந்து வந்தது. ஆறு என்பது ஊரின் பின்வாசலாகவும் இருக்கிறது. செத்த மாடும் கறிக்கழிவும் காலங்காலமாக அங்கேதான் போகின்றன. அதனால் முதல் சந்தேகம் எப்போதும் இன்றைய மாட்டின்மேல்தான் விழ வேண்டும். மாடு இல்லை என்று நிரூபித்த பிறகு மற்றதைப் பேசலாம்.

பாயாக் கிண்ணத்தில் ஒரு பாடம்

இனி மூன்றாவது கேள்வி. உடம்பில் இது எங்கே இருந்தது? கறி சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. பாலூட்டிகளின் எலும்புக்கூடு ஒரே அச்சில் வார்த்தது. ஆட்டுக்கு எங்கே தோள்பட்டை எலும்போ யானைக்கும் அங்கேதான், உருவமும் ஏறக்குறைய அதே தட்டையான முக்கோணம். நல்லி எலும்பை உறிஞ்சியிருக்கிறீர்கள், நீள எலும்பின் மஜ்ஜைக் குழியைத் தெரியும். சாப்ஸ் துண்டில் விலா முதுகெலும்போடு சேரும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆட்டுக்கால் பாயாவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குளம்புக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை நீள எலும்பு உண்மையில் இரண்டு எலும்புகள். நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் இருக்கும் இரண்டும் ஆட்டில் ஒன்றாக ஒட்டிவிட்டன. ஒட்டிய தழும்பு முன்பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளமாகத் தெரியும். அடிமுனையில் மட்டும் இரண்டு உருளைகள் கப்பிபோலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று. ஆடு, மாடு, எருமை, மான் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு, அளவுதான் வேறு. ஒட்டகத்துக்கும் ஒட்டித்தான் இருக்கும், ஆனால் அடியில் இரு உருளைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பிரியும். பன்றிக்கு ஒட்டவே ஒட்டாது, தனித்தனிக் குட்டை எலும்புகள். குதிரைக்கு ஒரே விரல், ஒரே உருளை, அதன் நடுவே ஒரு முகடு. பக்கவாட்டில் தேய்ந்துபோன விரல்களின் மிச்சமாக இரண்டு ஊசி எலும்புகள் ஒட்டிக் கிடக்கும். ஆக, ஆற்றில் கிடைத்த ஓர் அடிமுனைத் துண்டை வைத்தே மாட்டு வகையா, குதிரை வகையா என்று அரை நிமிடத்தில் பிரிக்கலாம். துண்டு உங்கள் சுண்டுவிரல் அளவு இருந்தாலும் போதும்.

பாயாவில் சில சமயம் அந்த உருளை முனை குல்லாய் கழல்வதுபோலத் தனியே வந்துவிடும். கறிக்கு வெட்டுவது பெரும்பாலும் இளம் ஆடு. எலும்பு வளரும் வயதில் முனை தனித் துண்டாக இருந்து, வளர்ச்சி நின்ற பிறகே தண்டோடு ஒட்டும். புதைபடிவத்தில் முனை இல்லாமல் மேடுபள்ளமாக முடியும் ஒரு தண்டைக் கண்டால், உடைந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் குட்டியாக இருக்குமோ என்று கேளுங்கள்.

கணுக்காலில் இன்னொரு அருமையான எலும்பு உண்டு. பகடைக்காய் அளவில், மேலும் கீழும் இரண்டு பக்கமும் கப்பி வடிவம். கெட்டியான குட்டி எலும்பு என்பதால் ஆற்று உருட்டலையும் தாங்கி முழுசாகக் கிடைக்கும். இந்த இரட்டைக் கப்பி ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை, ஒட்டகம் என்ற இரட்டைப்படைக் குளம்பினக் கூட்டத்துக்கே உரிய முத்திரை. குதிரைக்கு ஒரு பக்கம்தான் கப்பி, அதுவும் சாய்ந்திருக்கும், மறுபக்கம் தட்டை. 2001ல் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்காலில் இதே இரட்டைக் கப்பி இருந்தது. கால் இருந்த காலத்துத் திமிங்கிலங்கள் அவை. திமிங்கிலம் யாருக்குச் சொந்தம் என்று நெடுநாள் நடந்த சண்டையில் கையளவு எலும்பு ஒன்று சாட்சிக் கூண்டேறி, நீர்யானையும் மாடும் இருக்கும் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டது.

முதுகெலும்புத் துண்டு கிடைத்தால் ஒன்று மட்டும் பாருங்கள். இரு முனையும் உடுக்கைபோல உள்குழிந்திருந்தால் அது மீன். பாலூட்டிக்கு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். கட்டெறும்பு கடித்ததுபோலக் குழிகுழியான தட்டையான துண்டு என்றால் முதலையின் முதுகுத் தகடாக இருக்கலாம். நர்மதையின் பழைய படிவுகளில் முதலையும் ஆமையும் பாலூட்டிகளோடு கலந்தே கிடக்கின்றன.

பல் கிடைத்தால் அதிர்ஷ்டம்

எலும்பு "பெரிய மாட்டினம்" என்ற அளவில் நின்றுவிடும், பல் அதற்கு மேலேயும் பேசும். உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். மற்றதெல்லாம் கரைந்த பிறகும் அது இருக்கும். சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் குவியல் குவியலாக வந்தன. விலங்குகள் என்று பார்த்தால் தோண்டியவர்களுக்குக் கிடைத்தவை சில பற்கள்தான். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல்லுக்காகக் குழி வெட்டுபவர்கள் பழைய ஆற்றுச் சரளையை அள்ளிக் கழுவுகிறார்கள். அந்தச் சரளையிலிருந்து கிடைத்த பற்களையும் எலும்புகளையும் கொண்டுதான் இன்று தீவில் இல்லாத நீர்யானையும் காண்டாமிருகமும் அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்தன என்று இலங்கைத் தொல்லுயிரியலாளர் தெரணியகல எழுதினார்.

பல்லை அடையாளம் காண, அரைக்கும் முகத்தை நேராக மேலிருந்து பாருங்கள். அங்கே எனாமல் போட்ட கோடுதான் கையெழுத்து.

மாடு, எருமை, மான், ஆடு எல்லாவற்றுக்கும் பிறை வடிவம், ஒரு பல்லில் பிறைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே. மாட்டின் கடைவாய்ப் பல்லில் இரு பாதிக்கும் இடையே ஒரு குட்டித் தூண் தனியாக நிற்கும். ஆட்டுப் பல்லில் அது இருக்காது. மானுக்குச் சிறிதாக இருக்கலாம், ஆனால் மான் பல்லின் உயரம் குறைவு. குதிரைப் பல் செங்கல்போல நெடிய தூண், முகத்தில் எனாமல் சிக்குக் கோலம் போட்டதுபோல வளைந்து வளைந்து போகும். மாட்டுப் பல்லையும் குதிரைப் பல்லையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு மறக்காது.

நீர்யானையின் தேய்ந்த கடைவாய்ப் பல்லில் வில்வ இலை தெரியும், மூன்று மடல். நர்மதையில் நீர்யானை இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. இன்றைய ஆப்பிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடை முன்பற்கள் நான்கு, இந்தியாவில் வாழ்ந்து மறைந்த வகைக்கு ஆறு. 1830களில் இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் மலைப் படிவுகளைத் தோண்டிய ஃபால்கனரும் காட்லியும் அதனால்தான் அதற்கு ஹெக்சாபுரோட்டொடான் என்று பேர் வைத்தார்கள், ஆறு முன்பல் என்று பொருள்.

யானைப் பல் தனி உலகம். மெல்லிய தகடுகள் பல, வெற்றிலைக் கட்டுபோல நெருக்கி அடுக்கி, இடையில் சிமெண்ட் போன்ற பொருளால் ஒட்டியது. தேய்ந்த முகம் கொத்திய அம்மிபோலக் குறுக்குவரி குறுக்குவரியாக இருக்கும், வேலையும் அம்மி வேலைதான். ஆசிய யானைக்கு இந்த வரிகள் ஒடுங்கி இணையாக ஓடும். ஆப்பிரிக்க யானைக்கு ஒவ்வொரு வரியும் நடுவில் அகன்று சாய்சதுரமாகும். ஸ்டெகொடான் என்ற மறைந்துபோன உறவுக்குத் தகடுகள் உயரமில்லை, ஓட்டு வீட்டுக் கூரைகள் வரிசையாக நிற்பதுபோல முகடும் சரிவுமாக இருக்கும். அந்தப் பேருக்கே கூரைப்பல் என்றுதான் பொருள். நர்மதைப் படிவுகளில் ஸ்டெகொடானும் இருக்கிறது, நேரான தந்தம் கொண்ட பேலியோலோக்சொடான் நமாடிகஸ் என்ற பெரிய யானையும் இருக்கிறது. நமாடிகஸ் என்பது நர்மதைதான், லத்தீனில் குளித்துவிட்டு வந்திருக்கிறது. தேயாத யானைப் பல்லின் ஒற்றைத் தகடு ஒட்டு விட்டுத் தனியே கழன்றால் மேல்விளிம்பில் விரல்விரலாக நீட்டிக்கொண்டு, கல்லாகிப்போன கைபோல இருக்கும். பார்த்தவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு.

புலி, சிறுத்தை, ஓநாய் வகையென்றால் கடைவாய்ப் பல் பாக்குவெட்டி. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசி வெட்டும் கத்திகள். இவை அரிதாகவே கிடைக்கும், காட்டில் மேய்பவை பலவும் வேட்டையாடுபவை சிலவுமாக இருப்பதால்.

பன்றிக்கு வேர்க்கடலைகளைக் கூட்டி வைத்ததுபோல மொட்டு மொட்டான முகடுகள். எதையும் தின்னும் வாய், மனிதனைப் போலவே. ஆகவே பல்லும் கொஞ்சம் மனிதனைப் போலவே. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த தேய்ந்த ஒற்றைப் பல்லை வைத்து 1922ல் ஆஸ்பார்ன் என்ற பெரிய தொல்லுயிரியலாளர் புதிய மனிதக் குரங்கினம் ஒன்றையே அறிவித்தார். கிடைத்த இடத்தில் மேலும் தோண்டிப் பார்த்தபோது அது பெக்கரி என்ற பன்றி உறவின் பல் என்று தெரிந்தது, 1927ல் கூற்று திரும்பப் பெறப்பட்டது. தேயாத பல்லாக இருந்திருந்தால் அந்த ஐந்து ஆண்டும் மிச்சமாகியிருக்கும். எனாமல் கோலம் அழிந்த பல், கையெழுத்து அழிந்த பத்திரம்.

கொம்பைப் பற்றிச் சுருக்கமாக. மான்கொம்பு முழு எலும்பு, அடியில் முடிச்சு முடிச்சாக ஒரு வளையம் இருக்கும், ஆண்டுக்கொருமுறை விழுவதால் தனியாகவே கிடைக்கும். மாட்டுக்கொம்பின் மேலுறை நகத்தைப் போன்ற பொருள், அது மக்கிவிடும், உள்ளே இருந்த எலும்புக் கூர்தான் மிஞ்சும். அந்தக் கூரின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் மாட்டுப் பக்கம், முக்கோணமாக இருந்தால் எருமைப் பக்கம். கால் எலும்பை மட்டும் வைத்து மாட்டையும் எருமையையும் பிரிக்கக் கைதேர்ந்தவர்களே திணறுவார்கள், கொம்பின் அடி கிடைத்தால் வேலை முடிந்தது.

ஆறு கலைத்துப் போட்ட சீட்டு

இவ்வளவு பார்த்தும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. தோண்டி எடுத்த எலும்புக்கு முகவரி உண்டு, ஆற்றுப் படுகையில் பொறுக்கிய எலும்புக்குக் கிடையாது. விளிம்பு கூர்மையாக உடைந்திருந்தால் அதிக தூரம் உருளவில்லை, பக்கத்துக் கரையில் எங்கோ இருந்துதான் விழுந்திருக்கிறது. சோப்புக்கட்டிபோல மழுங்கியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது.

தண்ணீர் எல்லா எலும்பையும் ஒரே மாதிரி இழுப்பதுமில்லை. மைக்கேல் வூரீஸ் என்ற ஆய்வாளர் செயற்கை வாய்க்காலில் எலும்புகளைப் போட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து 1969ல் எழுதினார். விலா, முதுகெலும்பு போன்ற லேசானவை முதலில் போய்விடும். கால் எலும்புகள் பிறகு மெதுவாக நகரும். மண்டையும் தாடையும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஒரு திட்டில் தாடைகளும் பற்களுமே நிறைய இருந்தால் அது அந்த விலங்குகள் செத்த இடத்துக்குப் பக்கமாக இருக்க வாய்ப்புண்டு. விலாக்களே குவிந்திருந்தால் அது தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது.

ஒரே கைப்பிடிச் சரளையில் இரண்டு லட்சம் ஆண்டுப் பழைய ஸ்டெகொடான் பல்லும் போன ஆண்டு செத்த எருமையின் பல்லும் சேர்ந்து கிடப்பது ஆற்றில் சகஜம். பக்கத்தில் கிடந்தது என்பதால் ஒரே காலத்தது ஆகிவிடாது. நர்மதைக் கரையில் காலம் கணிக்க வேறொரு துணை இருக்கிறது. சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தூவிய சாம்பல் அங்கே ஓர் அடுக்காகப் படிந்திருக்கிறது. கலையாத கரையில் அதற்குக் கீழே இருப்பது அதைவிடப் பழையது. ஆனால் அந்தச் சாட்சியம் கரைச்சுவரில் பதிந்திருக்கும் எலும்புக்குத்தான் செல்லும், காலடியில் உருண்டு வந்ததற்கு இல்லை. கார்பன் கணிப்பு சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும், அதுவும் கொலாஜன் மிஞ்சியிருந்தால்தான்.

அதனால்தான் கரைச்சுவரில் ஒரு பல் எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள் என்கிறேன். பிடுங்கிய நொடியில் அதன் பாதி மதிப்பு போய்விடுகிறது. முதலில் எட்ட நின்று கரை முழுதும் தெரிய ஒரு படம், பிறகு அருகே போய் அளவுகோலோ ஒரு பத்து ரூபாய் நாணயமோ வைத்து ஒரு படம், கைப்பேசியில் இடக்குறிப்பு. புவியியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ அந்தப் படங்களை அனுப்பினால் ஆள் வர வாய்ப்பு உண்டு. படுகையில் தனியே கிடந்ததை எடுத்தே ஆக வேண்டுமென்றாலும் படமும் இடக்குறிப்பும் முதலில். வீட்டுக்கு வந்ததும் வெயிலில் காயவைக்க வேண்டாம், ஊறிய எலும்பு வேகமாகக் காய்ந்தால் வெடித்துச் சிதறும். நிழலில், நாள்கணக்கில். வார்னிஷ், ஃபெவிகால் இரண்டும் வேண்டவே வேண்டாம். பளபளவென்று வார்னிஷ் பூசிய எலும்பைப் பார்க்கும்போது ஆராய்ச்சியாளர்கள் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

எலும்பு மனிதனுடையதாகத் தெரிந்தால் மேற்சொன்ன எதையும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழையதா புதியதா என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை.

எதுவரை சொல்லலாம்?

எலும்பைப் பார்ப்பவர்களின் பேச்சில் படிகள் உண்டு. "பாலூட்டி." "குளம்புள்ள பாலூட்டி." "அசைபோடும் இனம்." "பெரிய மாட்டினம்." "எருமை." "இன்ன எருமை." கையில் உள்ள துண்டு எந்தப் படிவரை ஏற்றிவிடுகிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். தொடையெலும்பின் நடுத்தண்டில் ஒரு சாண் துண்டு கிடைத்தால் "பெரிய குளம்பினம்" என்பதே முழுமையான பதில். அருங்காட்சியக அலமாரிகளில் பலவற்றுக்கு அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. 1830களில் நர்மதை எலும்புகளைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய அதே பிரின்செப்தான். எழுத்தாக இருந்தாலும் எலும்பாக இருந்தாலும் அவர் செய்தது ஒன்றே, தெரியாததைத் தெரிந்ததன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இன்றும் வேறு வழி இல்லை. புனேயின் டெக்கான் கல்லூரியில் நர்மதை எலும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களிடம் கேட்டாலும், முதலில் போய்த் திறப்பது இன்றைய விலங்குகளின் எலும்புகள் அடுக்கிய பெட்டிகளைத்தான். பழையதை அடையாளம் காட்டுவது புதியது.

அந்தப் பெட்டியை நீங்களும் தொடங்கலாம், செலவு பெரிதாக இல்லை. அடுத்த ஞாயிறு பாயா முடிந்ததும் எலும்புகளைக் குப்பையில் போடாமல் இன்னொரு கொதி விட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் நாளடைவில் எலும்பு உதிர்ந்துவிடும், அதைத் தவிருங்கள். கறிக்கடைக்காரரிடம் தாடை ஒன்று கேட்டு வாங்குங்கள், வேடிக்கையாகப் பார்ப்பார், ஆனால் கொடுப்பார். காய்ந்ததும் ஒவ்வொன்றின்மேலும் அழியாத மையில் எழுதி வையுங்கள்: ஆடு, முன்னங்கால், இடது.